விளையாடும் இடம் யாருடையது?

நமது பங்கு ஆலயத்தின் வடபுறம், மறைக்கல்வி மன்றத்திற்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கும் இடையே நாற்பது சென்ட் அளவில் ஒரு நிலம் உண்டு. வளைகுடா நாடொன்றில் உழைக்கும் பங்கு மகன் ஒருவர், மறைந்த தம் அன்னையின் நினைவாக அங்கே சிறுவர் பூங்கா ஒன்று அமைய வேண்டுமென விரும்பிப் பெருந்தொகை ஒன்றை மனமுவந்து அளித்தார். பங்குப் பேரவை கூடிற்று. வண்ணப் படங்கள் நிறைந்த விலைப்பட்டியல் கைமாறிச் சென்றது. யானையின் தும்பிக்கை வழியே வழுக்கி இறங்கும் சறுக்குமரம் ஒன்று, ஊஞ்சல்கள் நான்கு, சீசாப் பலகைகள் இரண்டு எனத் தீர்மானமாயிற்று. தரையெங்கும் சிமெண்ட் கற்கள் பதிக்கப்பட்டன. சுற்றிலும் இரும்பு வேலி. வேலிக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு பூட்டு. மாலை நான்கு முதல் ஆறு வரை திறந்திருக்கும் என்று ஓர் அறிவிப்புப் பலகை. பங்குத் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை நாமே தீர்த்தம் தெளித்து, மந்திரித்துத் திறந்துவைத்தோம்.

மூன்று திங்கள் கழிந்தன. மறைக்கல்வி மன்றத்திற்கு மாடி எழுப்பும் பொருட்டு வாயிலருகே மணலும் ஜல்லியும் கொட்டப்பட்டன; சாரத்துக்கான மூங்கில்களும் சென்ட்ரிங் பலகைகளும் அடுக்கப்பட்டன. அன்று தொடங்கி யானை தனித்து நின்றது. மாலை வெயிலில் தும்பிக்கை கொதித்துக் கிடக்க, பிள்ளைகள் அனைவரும் மணற்குவியலின் மேல் இருந்தனர். சுரங்கம் தோண்டினர், கோட்டை கட்டினர், தென்னோலைக் கீற்றில் சிலுவை செய்து நட்டு, ஓர் ஆலயமும் அதற்கொரு கல்லறையும் எழுப்பினர். கொத்தனார் அதட்டினால் கலைந்தோடினர். அவர் தேநீர் அருந்தச் சென்றதும் திரும்பி வந்தனர். “நல்லது செய்து கொடுத்தாலும் நம் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியவில்லை” என்று பேரவை உறுப்பினர் ஒருவர் வருந்தினார். நாமும் அதனை ஆமோதித்தோம்.

அன்றிரவு செபம் முடித்து விளக்கணைக்கும் வேளையில் ஒரு கேள்வி நம்மை உறுத்தியது. அருமை தெரியாதவர்கள் உண்மையில் யார்? நாற்பது சென்ட் நிலத்தைப் பற்றி முடிவெடுக்க ஏழு முறை கூடினோம். அந்த ஏழு கூட்டங்களில் ஒருமுறையேனும், அங்கே ஏற்கெனவே என்ன விளையாட்டு நடந்துகொண்டிருந்தது என்று எவரும் கேட்கவில்லை. கிட்டிப்புள் ஆடுவோர் தோண்டிய குழி எங்கே இருந்தது, கோலிக்குண்டு ஆட்டம் எந்தச் சுவரோரம் நிகழ்ந்தது, சிறுமியர் பாண்டிக் கட்டம் கீறிய இடம் எது என எவரும் நோக்கவில்லை. இவை அனைத்தும் இன்று சிமெண்ட் கற்களின் கீழே புதையுண்டு கிடக்கின்றன. சிமெண்ட் தரையில் சாக்குக் கட்டியால் பாண்டி வரையலாம். கோலிக்குழி தோண்ட இயலுமா? கிட்டிப்புள்ளுக்கு வாய்க்கால் கீற இயலுமா?

இது பொறியாளருக்குரிய செய்தி அன்றோ, ஒழுக்கவியலுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வேண்டாம் என்று மறுத்துரைக்க வாய்ப்பற்ற ஒருவருக்கு நாம் ஒன்றைக் கொடுக்கும்போது, அந்தக் கொடையில் நீதி பற்றிய கேள்வி தவறாமல் எழுகிறது என்பதே நமது பதில். பெரியவருக்குப் பிடிக்காத இருக்கையை வைத்தால் அவர் எழுந்து பேசுவார். பிள்ளை பேசுவதில்லை, மணற்குவியலுக்குப் போய்விடுகிறது. அந்தப் போக்கே அதன் வாக்கு.

ஆன்றோர் நோக்கில் விளையாட்டு

புனித அகுஸ்தினார், தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிடும் நூலின் தொடக்கத்தில், தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்கிறார். பாடத்தை விடுத்துப் பந்து விளையாடியதற்காக அவர் அடிபட்டார். அடித்தவர்களின் பொழுதுபோக்கோ ‘அலுவல்’ என்று பெயர் பெற்றது. அற்பமான வாதமொன்றில் சக ஆசிரியரிடம் தோற்றால், பந்தாட்டத்தில் தோழனிடம் தோற்ற சிறுவனைக் காட்டிலும் அந்த ஆசிரியர் அதிகமாகப் பொருமினார் என்று அவர் நுட்பமாகச் சுட்டுகிறார். பிள்ளைகளின் விளையாட்டை எடைபோடும் தராசு பெரியவர்களின் கையில் இருக்கிறது. அந்தத் தராசு நேர்மையானதன்று. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த முறையீட்டிற்கு நாம் இன்னும் மறுமொழி கூறவில்லை.

புனித தோமா அக்குவினாஸ் ‘இறையியல் தொகுப்பில்’ விளையாட்டிலும் ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்கிறார். அளவறிந்து விளையாடி மகிழும் அப்பண்பை அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அவர், திருத்தூதர் யோவானைப் பற்றிய ஒரு பழங்கதையையும் நினைவூட்டுகிறார். யோவான் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் ஏந்திய ஒருவனை அம்பெய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இடையறாது எய்துகொண்டேயிருக்க முடியுமா என்று வினவினார். வில் ஒடிந்துவிடும் என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்றார் யோவான். தாமும் மகிழாது பிறர் மகிழ்வையும் கெடுப்பவர் குற்றம் புரிகிறார் என்றும் அக்குவினாஸ் தயங்காமல் எழுதுகிறார்.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். வில்லைத் தளர்த்துவது மீண்டும் எய்வதற்காக. உழைக்கும் பெரியவருக்கு விளையாட்டு ஓய்வு. பணிக்குத் திரும்பும் வழி. பிள்ளைக்கு அது ஓய்வன்று. மணலில் சுரங்கம் தோண்டும் சிறுவன் எந்த உழைப்பிலிருந்தும் இளைப்பாறவில்லை. அவனுடைய முழு வாழ்வும் அந்தக் கணத்தில் அங்கேதான் இருக்கிறது. டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹைசிங்கா 1938-இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில் விளையாட்டின் முதற்பண்பாக அதன் சுயவிருப்பத்தையே குறிப்பிட்டார். கட்டளையிட்டு நடத்தும் விளையாட்டு விளையாட்டாக நிலைப்பதில்லை என்பது அவர் கருத்து.

இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. விளையாட்டு சுதந்திரத்தின் செயல் என்றால், அதற்காக இடத்தை வடிவமைப்பது எங்ஙனம்? வடிவமைப்பு என்பதே முன்கூட்டித் தீர்மானிப்பது. நாம் வாங்கிய சறுக்குமரம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அறியும்: “ஏறு, வழுக்கு, மீண்டும் ஏறு.” பிள்ளை அதற்குக் கீழ்ப்படியலாம், அல்லது தும்பிக்கை வழியே தலைகீழாக ஏறிக் குறும்பு செய்யலாம். குறும்பு செய்கிறபோதுதான் அது உண்மையில் விளையாடுகிறது. அப்போதுதான் நாம் அதட்டுகிறோம்.

குப்பை மேட்டில் கண்ட உண்மை

இந்தச் சிக்கலை நேர்கொண்டு பார்த்தவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன். பல விளையாட்டிடங்களை அமைத்த அவர், பிள்ளைகள் அவற்றைவிடக் கட்டுமானம் நடக்கும் இடங்களிலும் கழிபொருள் குவிந்த மனைகளிலுமே ஆர்வத்தோடு விளையாடுவதைக் கண்டார். தம் உழைப்பைப் பிள்ளைகள் மதிக்கவில்லை என்று அவர் வருந்தவில்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள முனைந்தார். 1931-இலேயே, பழம்பொருள்களைக் கொண்ட விளையாட்டுத் திடல் ஒன்றைத் தம் நூலில் முன்மொழிந்தார். 1943-இல், கோபன்ஹேகன் நகரம் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்தில், எம்ட்ரூப் குடியிருப்பில் அது உருவாயிற்று. சுற்றிலும் மண்மேடு, உள்ளே செங்கல், பலகை, கயிறு, சக்கரம், மண். சறுக்குமரம் எதுவும் இல்லை. பிள்ளைகளே வீடு கட்டினர், இடித்தனர், மீண்டும் கட்டினர்.

அங்கே பொறுப்பாளராக முதலில் அமர்ந்தவர் யோன் பெர்ட்டெல்சன். முன்பு கப்பலில் பணியாற்றியவர். சிறுவர் கல்வியில் பயின்றவர். அவர் விளையாட்டை நடத்தவில்லை, அருகில் இருந்தார். கேட்டபோது கருவி தந்தார். கேளாதபோது கைகட்டி நின்றார். தாம் உருவாக்கியவற்றுள் இதுவே மிக அழகற்றது, எனினும் தமக்கு இதுவே மிக அழகானது என்ற பொருளில் சோரன்சன் பின்னாளில் எழுதினார். ஒரு கலைஞர் தம் கண்ணின் இன்பத்தைப் பிள்ளைகளின் சுதந்திரத்திற்காக விட்டுக்கொடுத்ததை இங்கே காண்கிறோம். இது ஒருவகைத் துறவு என்று கூறினால் மிகையாகாது.

ஆங்கிலேய நிலவடிவமைப்பாளரான லேடி ஆலன் 1946-இல் எம்ட்ரூப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி, குண்டு விழுந்து பாழ்பட்ட பிரிட்டன் நகர மனைகளில் இத்தகைய திடல்கள் தோன்ற வழிவகுத்தார். பின்னர் 1971-இல் சைமன் நிக்கல்சன் என்பவர் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். ஓரிடத்தில் அசைக்கவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எத்துணை அதிகமோ, அத்துணை அதிகமாக அங்கே கற்பனையும் கண்டுபிடிப்பும் நிகழும் என்பது அதன் சாரம். நம் மணற்குவியலும் மூங்கிலும் ஓலையும் ஏன் யானையை வென்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரின் மணற்றொட்டிகள்

பழம்பொருள் திடல் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பார் உண்டு. அவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளை. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில், ஆளற்ற வீடுகளின் மரங்களைப் பெயர்த்து மக்கள் அடுப்பெரித்திருந்தனர். யூதர் வாழ்ந்த தெருக்களில் இடிந்த மனைகள் மிகுந்து கிடந்தன. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வதைமுகாம்களிலிருந்து திரும்பவே இல்லை. இத்தகைய நகரத்தில், நகரமைப்புத் துறையில் பணியாற்றிய யாகோபா முல்டர் என்ற அம்மையார் பிள்ளைகளுக்கான இடங்களில் அக்கறை கொண்டார். முப்பது வயதை எட்டாத ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞரிடம் அப்பணி வந்தது.

1947-இல் பெர்ட்டல்மன் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடம் அமைந்தது. அகன்ற விளிம்பு கொண்ட மணற்றொட்டி, சில கற்கள், குட்டிக்கரணம் போடக் கம்பிகள், மரங்கள், பெரியோர் அமர இருக்கைகள். அவ்வளவே. வேறு பகுதி மக்கள், தங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டுமென்று மாநகராட்சிக்கு மடல் எழுதினர். காலியான மனை, இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சந்து, தெருமுனை எனக் கிடைத்த இடமெல்லாம் அவருக்குப் போதுமானதாயிற்று. 1978 வரையிலான முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களை அவர் வடிவமைத்தார். இன்று அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

அவர் செய்ததில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, அவர் விலங்குருவங்களை ஒதுக்கினார். உலோகத்தால் செய்த யானை நகரத்துக்கும் உரியதன்று, பிள்ளையின் கற்பனைக்கும் உரியதன்று என்று கருதினார். வெறும் கல்லாக இருக்கும் கல் இன்று தீவாகும், நாளை கடையாகும், மறுநாள் அரியணையாகும். யானையோ என்றும் யானையாகவே நிற்கும். இரண்டாவது, மணற்றொட்டியின் விளிம்பை அகலமாக்கினார். அது ஒரே வேளையில் மேசை, நடைபாதை, தாண்டும் எல்லை, தாய்மார் அமரும் திண்ணை. இதற்குத்தான் இது என்று கட்டளையிடாத பொருளே பிள்ளையை மதிக்கும் பொருள். மூன்றாவது, அவர் அமைத்த இடங்கள் பெரும்பாலும் வேலியிட்டு ஒதுக்கப்படாமல் தெருவோடும் ஊரோடும் கலந்திருந்தன. பனி பொழியும் நாளில் நகரம் முழுவதும் பிள்ளைகளின் கைக்கு வருகிறது, பனியோ உருகிவிடும், ஆகவே பனியைக் காட்டிலும் நிலையான ஒன்றை நகரம் அவர்களுக்குத் தர வேண்டும் என்பது அவர் நெஞ்சில் இருந்த எண்ணம்.

இதனை வாசித்தபோது இறைவாக்கினர் செக்கரியா கண்ட எருசலேம் நம் நினைவுக்கு வந்தது. மீண்டெழுந்த நகரின் அடையாளமாக அவர் காட்டுவது மதிலையன்று, அரண்மனையையுமன்று. முதியோர் கோலூன்றி அமர்ந்திருக்கும் அதே வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுகின்றனர். வீதியில்தான்; வேலிக்குள் அன்று. பிள்ளைகளை ஓரிடத்தில் பூட்டி வைத்துவிட்டு ஊரின் மற்ற இடங்களையெல்லாம் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டால், அதனைப் பூங்கா என்பதா, வேறொன்று என்பதா?

வெட்டுண்ட கிளை

இதுவரை கூறியவை எளியவை. இனிக் கூறுவது நமக்குச் சற்றே கடினமானது.

பூங்கா அமைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், ஆலய வாயிலருகே நிற்கும் பூவரச மரத்தில் தாழ்ந்த கிளையொன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதில் ஏறியிருந்தனர். அதன் பட்டை அவர்களின் பாதம் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியபடி ஐந்தாறு பேர் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒரு ஞாயிறு மறைக்கல்விக்குப் பின் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அதிலிருந்து விழுந்து முன்கை முறிந்தான். மறுநாளே ஆளழைத்து அக்கிளையை வெட்டச் செய்தோம். ஒருவரையும் கலந்து கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை திருப்பலிக்கு வந்த அச்சிறுவனின் பாட்டி, வெட்டுண்ட இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தார். “மரம் என்ன சாமி செய்யும்? இவன் அப்பனும் அந்தக் கிளையிலதான் விழுந்து எந்திரிச்சான். புள்ளைக்கி எலும்பு கூடிரும். கிளை கூடுமா?” என்றார். நாம் பாதுகாப்பு, பொறுப்பு என்றெல்லாம் விளக்கினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “சாமி சொன்னாச் சரிதான்” என்று சொல்லிச் சென்றுவிட்டார். அந்த மரியாதையே நம்மை அதிகம் சுட்டது.

அக்கிளையை யாருக்காக வெட்டினோம்? சிறுவனுக்காக என்று அன்று நம்பினோம். இன்று உண்மையை ஒப்புக்கொள்கிறோம். நாளை வேறொருவன் விழுந்தால், “முன்பே ஒருவன் விழுந்தானே, நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று நம்மைக் கேட்பார்களே என்ற அச்சத்தால் வெட்டினோம். விவேகம் என்று அதற்குப் பெயரிட்டோம். விவேகத்தைப் போலத் தோன்றி விவேகமாக இல்லாதவற்றைப் பற்றி அக்குவினாஸ் தனியே ஆராய்கிறார். உண்மையான விவேகம் மற்றவரின் நலனை நோக்கி நிற்கும். போலியானது நம் நலனைக் காத்துக்கொண்டு, மற்றவருக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும்.

ஆயினும் எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. விழுந்தவன் கை முறிந்ததோடு பிழைத்தான், தலை அடிபட்டிருந்தால்? மகனை இழந்த தாயிடம் சென்று, இடர் ஏற்பது பிள்ளைக்கு நல்லது என்று பாடம் சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமையில்லை. எனவே இங்கே வேறுபடுத்தி நோக்குவது இன்றியமையாதது. பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடர் ஒன்று. தெரியாத ஆபத்து மற்றொன்று. கிளையின் உயரம் ஏறுபவனுக்குத் தெரியும். எத்தனை அடி ஏறலாம் என்பதை அவன் தன் கால்நடுக்கத்தால் அளந்து கற்கிறான். துருப்பிடித்த திருகாணி, மணலில் புதைந்த கண்ணாடித் துண்டு, மூடி உடைந்த கழிவுநீர்த் தொட்டி, தோலுரிந்த மின்கம்பி ஆகியவற்றை அவனால் அளக்க இயலாது. இந்த இரண்டாம் வகையை அகற்றாமல் விடுவது நம் குற்றம். முதல் வகையை முற்றிலும் அகற்றுவது வேறொரு குற்றம். ஏனெனில் தன்னை அளந்தறியும் வாய்ப்பை அது பிள்ளையிடமிருந்து பறிக்கிறது.

நார்வே நாட்டு ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாமாக நாடும் இடர்மிகு விளையாட்டுகளை 2007-இல் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான இயற்கைப் பொருள்கள், மல்லுக்கட்டு, பெரியோர் கண்ணிலிருந்து மறைதல். நம் இளமையை எண்ணிப் பார்த்தால் இந்த ஆறும் அதில் இருந்ததை உணர்வோம். பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டன் நாட்டு அரசு அமைப்பே, விளையாட்டில் இடரை முற்றாக ஒழிப்பது நோக்கமாகாது, இடரையும் நன்மையையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று 2012-இல் அறிவித்தது. நாமும் எடைபோட்டிருக்கலாம். கிளைக்குக் கீழே இருந்த கருங்கற்களை அகற்றி ஒரு வண்டி மணல் கொட்டியிருக்கலாம். அரிவாளை விட அது எளிதாகவே இருந்திருக்கும்.

உடனிருத்தல்

பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்பதன் பொருள் கைவிட்டுவிடுங்கள் என்பதன்று. புனித தொன் போஸ்கோவின் தூரின் நகர இளையோர் இல்லத்தில் முற்றமே உயிர்நாடியாக விளங்கியது. ஓடவும் குதிக்கவும் கூச்சலிடவும் இளையோருக்குத் தாராளமான சுதந்திரம் தர வேண்டும் என்று 1877-இல் அவர் எழுதினார். அதே வேளையில் கல்வியாளர்கள் அவர்களோடு முற்றத்தில் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். எம்ட்ரூப்பின் பெர்ட்டெல்சனும் தூரின் முற்றத்துக் குருக்களும் ஒரே இரகசியத்தை அறிந்திருந்தனர்: உடனிருப்பது வேறு, ஆள்வது வேறு.

பிள்ளைகளைக் காக்கத் தவறியதற்காகத் திருச்சபை உலகெங்கும் தலைகுனிய நேர்ந்த இந்நாளில் இதனை அழுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பூட்டிய வேலி பிள்ளைகளைக் காப்பதில்லை. பலருடைய கண்கள் படும் திறந்த இடமே காக்கிறது. பாட்டிமார் அமரும் திண்ணை, பெண்கள் நீர் பிடிக்கும் குழாயடி, மக்கள் நடமாடும் வாயில் இவற்றின் அருகே விளையாட்டிடம் இருப்பது நன்று.

நீதி பற்றிய வேறொரு செய்தியும் உண்டு. திடல் திறந்திருந்தால் மட்டும் அது எல்லாருக்கும் உரியதாகிவிடாது. வளர்ந்த பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்தால் நிலம் முழுவதும் அவர்களுடையதாகிறது. சிறுமியரும் சிறியோரும் சுவரோரம் ஒதுங்குகின்றனர். ஒரு பெரிய மையத்திற்குப் பதில் பல சிறிய மூலைகள் இருந்தால் வலியோர் எல்லாவற்றையும் கைப்பற்ற இயலாது. நடக்க இயலாத பிள்ளைக்குச் சறுக்குமரத்தின் ஏணி ஒரு மூடிய கதவு. சக்கர நாற்காலியின் உயரத்தில் மணல் நிரப்பிய மேடை ஒன்று அமைந்தால் அப்பிள்ளையும் கோட்டை கட்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என அறிவிக்கிறது. திருப்பீடம் 1990-இலும் இந்தியா 1992-இலும் அதனை ஏற்றன. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. திடல் வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். அதில் யார் விளையாடுகிறார், யார் ஓரத்தில் நின்று பார்க்கிறார் என்று அருகிலிருப்போர்தாம் நோக்க வேண்டும்.

பூட்டும் துளிரும்

கொடையளித்த பங்கு மகன் சென்ற ஆண்டு விடுப்பில் வந்தார். அவருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று கலங்கியிருந்தோம். அவரது அன்பு போலியானதன்று. “எங்களுக்கு இதெல்லாம் கெடைக்கல சாமி, அதனாலதான் செஞ்சேன்” என்றார். சிறுவயதில் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டோம். அரை மணி நேரம் பேசினார். கல்லறைச் சுவரில் நடந்தது, மழைக்காலத்தில் வாசலில் தேங்கிய நீருக்கு அணை கட்டியது, பூவரசங்கிளையில் அமர்ந்து பேருந்து ஓட்டியது. பேசப் பேச அவர் குரல் தாழ்ந்தது. வாயிலருகே மணற்குவியலில் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தனர். சற்று நேரம் அவர்களையே பார்த்திருந்துவிட்டு, “அந்தப் பூட்டை எடுத்துருங்க சாமி” என்றார்.

பூட்டை எடுத்துவிட்டோம். வேலியின் தென்புறமும் அகற்றப்பட்டது. யானையை அகற்றவில்லை; சின்னஞ்சிறியோர் காலை வேளையில் அதன் மேல் ஏறுகின்றனர், அவர்களுக்கும் உரிமை உண்டு. பாதிப் பரப்பில் சிமெண்ட் கற்களைப் பெயர்த்து மண்ணாகவே விட்டோம். இரண்டு வண்டி மணல் கொட்டி, பெயர்த்த கற்களையும் கழிந்த பலகைகளையும், ஆணி அகற்றி, ஓரமாக அடுக்கிவைத்தோம். அடுத்த நாள் அவை அடுக்கிய இடத்தில் இல்லை. பேரவை உறுப்பினர் ஒருவர் இடம் அலங்கோலமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை. அன்னையின் பெயர் தாங்கிய பளிங்குக் கல்லின் மேல் பிள்ளைகள் மண்ணப்பம் தட்டி உலர்த்துகின்றனர். அதற்காக அந்த அன்னை வருந்தமாட்டார் என்றே நம்புகிறோம்.

வெட்டுண்ட கிளையின் அடியிலிருந்து பூவரசு துளிர்த்திருக்கிறது. இன்று அது விரல் பருமன்தான். ஒரு சிறுவனைத் தாங்கும் வலிமை பெற ஆண்டுகள் பல ஆகும். கை முறிந்த அச்சிறுவன் அதற்குள் வளர்ந்துவிடுவான். அவனுக்கு அக்கிளையை நம்மால் திருப்பித் தர இயலாது. நாமும் ஆயரின் ஆணைப்படி வேறு பங்கிற்குச் சென்றிருப்போம். ஆகவே, நமக்குப் பின் வரும் பங்குத்தந்தை வாசிக்கும் பொருட்டு, திருமுழுக்குகளும் திருவிழாக் கணக்குகளும் எழுதிவைக்கும் பங்குக் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்துள்ளோம்: வாயிலருகே உள்ள பூவரசின் தாழ்ந்த கிளையைப் பிள்ளைகளைக் கேளாமல் வெட்ட வேண்டாம்.